கர்னலம்மாவின் காலை ஆட்டம்

குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவில் இருந்த பெரிய தென்னந்தோப்பை ஒரு ரிசார்ட்காரர் வாங்கி, பாதி மரங்களை வெட்டிப் புல் பதித்து, ஒன்பது குழி கோல்ஃப் மைதானமாக ஆக்கியபோது தென்காசியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர்ப் பணக்காரர்கள் சீசனுக்கு வந்து ஆடிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தார்கள். உள்ளூரிலேயே அதை ஆடத் தெரிந்த ஒரு பொம்பளை இருக்கிறாள் என்பது, சுகிர்தம் பழைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போய் இறங்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுகிர்தம் பாவூர்சத்திரத்துக்காரி. அப்பா வெங்காய மண்டி வைத்திருந்தார். நர்சிங் படித்து ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவள், ஊர் ஊராக மாறி, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றுத் திரும்பினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தென்காசியில் தம்பி எபனேசரின் வீட்டு மாடியில் இருந்தாள். வார்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் ஜவான்கள் மட்டுமல்ல, டாக்டர்களும் பேச்சை நிறுத்துவார்கள். அந்தக் கெடுபிடி ஓய்வுக்குப் பிறகும் குறையவில்லை. பால்காரனிலிருந்து பாஸ்டர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. தம்பி மனைவி ஜாய் மட்டும், "மதினி வாயத் திறந்தா டெட்டால் வாசம்தான் அடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

கோல்ஃபை அவள் வடக்கே இமயமலைப் பக்கத்து ராணுவ ஊரான ராணிகேத்தில் கற்றுக்கொண்டாள். நாள் முழுக்க ஊசியும் ரத்தமும் முனகலும். சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் யாரும் 'சிஸ்டர்' என்று கூப்பிட மாட்டார்கள். பந்தை அடித்துவிட்டு அதை நோக்கி நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த நடையில் யாரும் குறுக்கே வராமல் இருப்பது இன்னும் பிடித்திருந்தது.

இலஞ்சி மைதானத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே கூட்டாளி முகம்மது மீரான். கடையநல்லூர்க்காரர். துபாயில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தபோது அங்கே வெள்ளைக்காரர்களோடு ஆடிப் பழகியவர். திரும்பி வந்து மகனோடு சேர்ந்து ஹாலோ பிளாக் கல் அச்சடிக்கும் ஷெட் போட்டிருந்தார். அவருக்கு யாரோடும் சண்டை கிடையாது. பந்து மரத்தில் பட்டால்கூட மரத்தைப் பாவமாகப் பார்ப்பார்.

சுகிர்தத்தின் பழைய மட்டைகள் அந்த வருஷம் ஆனியில் செத்துப்போயின. ஒரு மட்டையின் தலை கழன்று பந்தைவிடத் தூரமாகப் போய் விழுந்தது. ரிசார்ட்டில் வாடகைக்குக் கொடுத்த மட்டைகள் உயரமான ஆம்பளைகளுக்கு ஆனவை. கைப்பிடி தேய்ந்து, சாரல் பட்டதும் சோப்பு போல வழுக்கியது. வாடகை மட்டையோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, மீரானின் காரில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் புதுசு வாங்கப் போனாள்.

கடைக்காரப் பையன் கதவைத் திறந்ததிலிருந்து மீரானிடம்தான் பேசினான்.

"சாரே, மேடத்துக்கு வேண்டியிட்டா? லேடீஸ் செட் உண்டு. நல்ல பேக்."

அவன் எடுத்து வைத்த பை ரோஸ் கலரில் இருந்தது. மீரான் சங்கடத்தோடு சுகிர்தத்தைப் பார்த்தார்.

"ஆடப்போறது நான். என்கிட்ட பேசு" என்றாள் சுகிர்தம். "ஏழாம் நம்பர் அயர்ன் மட்டைய மூணு விதத்துல எடுத்து வை. அடிச்சுப் பாக்க வலை எங்க கட்டியிருக்க?"

பெண்களுக்கான மட்டையை முதலில் அடித்துப் பார்த்தாள். தண்டு பிரம்பு மாதிரி வளைந்தது. பந்து மேலே மேலே ஏறியது. இப்படி ஏறுகிற பந்தை இலஞ்சிக் காற்று வழியிலேயே பிடித்துப் பாவூர்சத்திரம் சந்தையில் கொண்டுபோய்ப் போடும் என்று நினைத்துக்கொண்டாள். ஆண்களுக்கான மட்டை கடப்பாரை. அவள் கை வேகத்துக்கு அது அசைந்துகொடுக்கவில்லை. முழங்கை வரை விறுவிறுத்தது.

"சீனியர் தண்டு இருக்கா?"

பையன் தயங்கினான். "அது வயசாய ஆணுங்களுக்கு உள்ளதாணு மேடம்."

"எனக்கும் வயசாயிருச்சு. ஆம்பளையா இல்லாதது மட்டுந்தான் குறை. எடு."

அது சரியாக இருந்தது. நீளத்தை அரை அங்குலம் குறைக்கச் சொன்னாள். ஈரத்திலும் பிடி நழுவாத நூல் கலந்த கைப்பிடியை மெல்லிசாகப் போடச் சொன்னாள். நீள அயர்ன்கள் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதிலாகக் கட்டைத் தலை வைத்த ஹைபிரிட் ஒன்றை எடுத்துத் தரையோடு தரையாக அடித்துப் பார்த்தாள். பந்து தாழ்வாக, காற்றுக்கு அடியில் நுழைகிற மாதிரி போய் வலையைக் கிழிப்பதுபோல அறைந்தது. அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. பையன் கடைசியில் பில்லை மீரானிடம் நீட்டினான். சுகிர்தம் அதைப் பிடுங்கினாள்.

திரும்பும் வழியில் மீரான் சொன்னார்: "அவன் சின்னப் பய, சிஸ்டர். தெரியாம பேசிட்டான்."

"ஒங்களுக்கு யாரும் தெரிஞ்சு தப்பு பண்ணவே மாட்டாங்க பாய்" என்றாள் அவள்.

வேல்ராஜ் அந்த மாதம்தான் மைதானத்துக்கு வரத் தொடங்கினான். கடையம் பக்கத்தில் கல் கிரஷர் வைத்திருப்பவன். கூடவே அவன் மச்சான் நம்பிராஜன், ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். இன்னும் இரண்டு பேர் மாறி மாறி வருவார்கள். வேல்ராஜின் மட்டைகள் கடையிலேயே விலை கூடியவை, தண்டு இரும்புக் கம்பி போல விறைப்பானவை. அதுதான் நல்லது என்று எவனோ வீடியோவில் சொன்னானாம். அவன் அடிக்கிற பந்து பத்துக்கு எட்டு தென்னை மரத்துக்குத்தான் போகும். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இன்னொரு பந்தை வைப்பான்.

மோசமாக ஆடுவதில் சுகிர்தத்துக்கு ஆட்சேபணை இல்லை. அவளே ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை. ஆனால் அவர்கள் பேட்டரி வண்டியைக் குழி இருக்கும் பச்சைத் திட்டு வரை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நனைந்த புல்லில் டயர்த் தடம் வாய்க்கால் மாதிரி விழுந்தது. அவள் குனிந்து பந்தைத் தட்டப் போகிற நேரத்தில் வண்டியிலிருந்து குத்துப்பாட்டு அலறும். புல் பெயர்ந்த இடத்தை மூட மாட்டார்கள். மணல் பள்ளத்தில் யானை புரண்ட மாதிரி தடம் போட்டுவிட்டு, மணலைச் சமன் செய்யப் பக்கத்திலேயே கிடக்கிற வாரியலைத் தொடாமல் போவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் ஆள் நிற்கிறார்களா என்று பார்க்காமல் அடிப்பார்கள். பந்து ஆளை நோக்கிப் போனால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும், அதுதான் வழக்கம். வேல்ராஜ் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

முதல் தடவை பந்து அவள் காலடியில் வந்து விழுந்தபோது சுகிர்தம் நின்று காத்திருந்தாள். வண்டி வந்தது.

"முன்னால ஆள் நிக்குதது தெரியலியா?"

"காத்து இழுத்துட்டுப் போயிருச்சு கர்னலம்மா" என்றான் வேல்ராஜ், வண்டியை விட்டு இறங்காமல். "நீங்க கொஞ்சம் வெரசலா ஆடுனா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

"எனக்கு முன்னாடி ஆள் போறாங்க. நான் பறந்தா போக முடியும்?"

நம்பிராஜன் சிரித்தார். "ரிட்டயர் ஆயாச்சு. வீட்ல பேரப்பிள்ளை இல்ல. பொழுது போகணும்லா. விடு மாப்ள."

மீரான் அவள் கையைத் தொடாமல் அருகில் வந்து நின்று, "வாங்க சிஸ்டர், அவங்க முதல்ல போகட்டும்" என்றார். அன்றைக்கு அவர்களை வழிவிட்டு அனுப்பினார்கள். அதுதான் தப்பு என்று சுகிர்தம் பிறகு பல நாள் நினைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் வழி கேட்கவே இல்லை. பந்தை அடித்தே வழி வாங்கினார்கள்.

ஆடிச் சாரலும் காற்றும் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது குழிக்கு நடுவழியில் மீரான் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குழியில் மலையைப் பின்னால் வைத்துக் கிழக்கே பார்த்து அடிக்க வேண்டும். கணவாய்க் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போகும். சத்தம் எதுவும் கேட்கவில்லை. 'டக்' என்று ஒரு ஒலி. மீரான் உட்கார்ந்துவிட்டார்.

பந்து அவர் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் காறை எலும்பில் பட்டிருந்தது. சுகிர்தம் சட்டையை விலக்கிப் பார்த்ததும் எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. பையிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் தூக்கிக் கட்டினாள். கட்டும்போதே வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தது. வேல்ராஜ் வண்டியில் வந்து எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, பட்டுருச்சோ?" என்றான்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டதும் மீரான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வழுக்கி விழுந்துட்டேன்."

சுகிர்தத்துக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "விழல டாக்டர். பந்து பட்டது. வட்டமா கன்னியிருக்கு பாருங்க."

"சிஸ்டர், விட்டுருங்க" என்றார் மீரான்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். சாயங்காலம் வேல்ராஜ் ஆப்பிள் பையோடு வந்து, மீரானின் மகன் தோளில் கை போட்டுக்கொண்டு வராந்தாவில் பேசிக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள். ஹாலோ பிளாக்குக்கு வேண்டிய எம்-சாண்ட் என்கிற பொடிக்கல் மணல் முழுக்க வேல்ராஜின் கிரஷரிலிருந்து வருகிறது என்று ஜாய்தான் வீட்டில் விவரம் சொன்னாள். சுகிர்தம் ராத்திரி சாப்பிடவில்லை.

மைதானத்து மேனேஜர் ஞானசம்பந்தம் நல்ல மனிதர், அதாவது யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். ரிசார்ட் பெயரில் மீரானுக்குப் பூங்கொத்து அனுப்பி வைத்தார். சுகிர்தம் போய்க் கேட்டபோது, "வெளையாட்டுல இது சகஜம் மேடம். அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுதேன்" என்றார். எடுத்துச் சொன்னாரா என்பது அடுத்த ஞாயிறே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அவள் தனியாக ஆடினாள். மூன்றாவது குழியில் ஒரு பந்து அவள் தலைக்கு மேலே பறந்துபோனது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஐந்தாவது குழியில், மீரான் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இன்னொரு பந்து அவள் பைக்குப் பக்கத்தில் சேறு தெறிக்க விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். மேட்டில் வேல்ராஜ் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். பக்கத்தில் வண்டி. கையை ஆட்டினான், விலகு என்கிற மாதிரி.

சுகிர்தம் அவன் பந்தை எடுத்துத் துடைத்தாள். புல் நன்றாக இருந்த இடமாகப் பார்த்து வைத்தாள். பையிலிருந்து ஹைபிரிட்டை உருவினாள். காற்று எதிரே முகத்தில் அறைந்தது. கால்களை அகட்டி, பந்தை வலது காலுக்குக் கிட்டே தள்ளி வைத்து, மேட்டைப் பார்த்தாள். எங்கே குறி வைத்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். வண்டிக் கூரைக்கு என்று எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை.

அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பந்தை அடித்ததில்லை. தரைக்கு மேலே ஆள் உயரத்தில், காற்றைக் கிழித்துக்கொண்டு நேராகப் போய் வண்டியின் முன்கண்ணாடியில் பட்டது. கண்ணாடி விரிசல் விட்டு ஒரு பக்கம் தொங்கியது. உள்ளே உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்த நம்பிராஜன் அலறியடித்துக்கொண்டு மறுபக்கம் விழுந்தார். வண்டிக்குள் ஆள் இருந்தது சுகிர்தத்துக்குத் தெரியாது. தான் பயந்துபோனதை அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் 'ஃபோர்' என்று ஒரு தடவை கத்தினாள், தாமதமாக.

வண்டி அவளை நோக்கி இறங்கி வந்தது.

"ஏட்டி, கொன்னுருப்பியே" என்றார் நம்பிராஜன். வேட்டை நாய் மாதிரி மூச்சு வாங்கினார். முழங்காலெல்லாம் சேறு.

"ஏட்டின்னு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க" என்றாள் சுகிர்தம். மட்டை கையில்தான் இருந்தது. "ஸ்டேஷன்ல பேசுன பேச்சை இங்கன பேசக் கூடாது."

"கேஸு போடுவேன். அட்டெம்ப்ட் டு மர்டர்."

"போடுங்க. காத்து இழுத்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லுவேன்."

வேல்ராஜுக்கு முகம் கறுத்தது. "காத்து எதுத்தாப்ல அடிக்குது."

"அது ஒமக்குத் தெரியுதா? அப்ப முன்னாடி ஆள் நிக்குததும் தெரிஞ்சிருக்கும்."

பத்து பேர் கூடிவிட்டார்கள். புல் வெட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எல்லோரையும் ஞானசம்பந்தத்தின் அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே சுகிர்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மீரான் பாய் எலும்பை ஒடச்சதுக்கு இவரு மன்னிப்பு கேட்டா, கண்ணாடிக்கு நானும் கேக்கேன்."

"அவரு எலும்பை நான் எங்க ஒடச்சேன்?" என்றான் வேல்ராஜ். ஃபோனை எடுத்து மீரானைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தான். "அண்ணாச்சி, ஒரு சின்ன சந்தேகம். அன்னைக்கு ஒங்களுக்கு எப்படி அடிபட்டுச்சு? கர்னலம்மா இங்கதான் இருக்காவ."

ஃபோனில் கல் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் மீரான்.

வேல்ராஜ் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். நம்பிராஜன் கால்மேல் கால் போட்டார். ஞானசம்பந்தம் மேஜை மீதிருந்த பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

சுகிர்தம் அவர் பக்கம் திரும்பினாள். "வழுக்கி விழுந்தவருக்கு ரிசார்ட் எதுக்கு சார் பூங்கொத்து அனுப்புச்சு?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"கண்ணாடி வாங்கிப் போட்டுருதேன். மன்னிப்பு கெடையாது. என்னை நீக்குறதுன்னா நீக்குங்க. ஆனா இதே கேள்விய வெளிய, கேக்குதவங்ககிட்ட எல்லாம் கேப்பேன்."

நீக்கவில்லை. நீக்க ஞானசம்பந்தத்துக்குத் துணிச்சல் இல்லை. வேல்ராஜைக் கண்டிக்கவும் துணிச்சல் இல்லை. காலையில் சுகிர்தம், மாலையில் வேல்ராஜ் கூட்டம் என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார். நம்பிராஜன் கேஸ் போடவில்லை. போட்டால், ஒரு கிழவி அடித்த பந்துக்குப் பயந்து சேற்றில் விழுந்த கதையை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சில நாள் கழித்து மீரான் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் கட்டு, இன்னொரு கையில் மங்குஸ்தான் பை. சுகிர்தம் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே பேசினாள்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவால்ல. சிஸ்டர், நான் வந்து..."

"பொய் சொன்னதுக்குக்கூட கோவம் இல்ல பாய். நான் அங்கன இருக்கேன்னு தெரிஞ்சும் சொன்னியளே."

மீரான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, அவர் குரலில் அவள் அதுவரை கேட்டிராத ஒரு காரத்தோடு சொன்னார்: "ஒங்களுக்கு மாசம் பொறந்தா பென்சன் வருது. யாரையும் எதுத்துப் பேசலாம். நான் இந்த ஊர்ல யாவாரம் பண்ணணும். எம் மவனும் பண்ணணும். எனக்காகச் சண்ட போடுங்கன்னு நான் கேக்கல. எலும்பு என்னுது."

அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தது. அது அவளை இன்னும் கடுப்பாக்கியது.

"சரி. அப்ப வழுக்கி விழாம நடங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பின்னால் ஜாய் கேட்டைத் திறந்து, பழப்பையை வாங்கிக்கொண்டு, அவரிடம் ஏதோ தணிவாகப் பேசுவது கேட்டது. அந்தப் பழத்தை சுகிர்தம் தொடவில்லை. எபனேசரும் ஜாயும் தின்றார்கள்.

மீரான் மறுபடி ஆட வரவில்லை. வேறு யாரும் அவளோடு சேரவில்லை. சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் மைதானத்துப் பையன்கள் முன்கூட்டியே எச்சரித்து வைத்திருந்தார்கள். கர்னலம்மாவுக்குக் கிட்டப் போகாதீர்கள், பந்தைத் திருப்பி அடிப்பாள். அவர்கள் இரண்டு குழி தள்ளியே நின்றார்கள். ராணிகேத்தில்கூட இவ்வளவு அமைதியாக அவள் நடந்ததில்லை. சில காலைகளில் அது நன்றாக இருந்தது. சில காலைகளில், நல்லதாக ஒரு அடி விழுந்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டு, வெறும் தென்னை நிற்பதைக் கண்டு எரிச்சலோடு பையைத் தூக்குவாள்.

வேல்ராஜ் கூட்டமும் சும்மா இருக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் அவர்கள் ஆடிவிட்டுப் போனது மறுநாள் காலை அவளுக்குத் தெரியும்படி செய்தார்கள். பச்சைத் திட்டில் வண்டியை வேண்டுமென்றே வட்டமடித்திருப்பார்கள். குழிக்குள் சிகரெட் துண்டு கிடக்கும். மணல் பள்ளத்தில் ஒரு இடம் பாக்கி இல்லாமல் மிதித்து வைத்திருப்பார்கள். ஞானசம்பந்தத்திடம் அவள் சொல்லப் போகவில்லை. அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

ஆவணிக் காலை ஒன்றில் எட்டாவது குழிக்கு அடித்த பந்து மணல் பள்ளத்துக்குள் போய், ஆழமான ஒரு ஷூ தடத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. தடம் பெரியது. யாருடையது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. பந்தை எடுத்து நல்ல இடத்தில் வைத்துக்கொண்டால் கேட்க ஆள் கிடையாது. சுகிர்தம் மேலே நின்று சிறிது நேரம் அதைப் பார்த்தாள். மலைப்பக்கமிருந்து சாரல் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் துண்டால் துடைத்துவிட்டு, பள்ளத்துக்குள் இறங்கி, மணலில் கால்களைப் புதைத்து நின்றாள். முதல் அடியில் பந்து அசையவில்லை. இரண்டாவது அடியில் ஈர மணலோடு மேலே வந்து, திட்டின் ஓரத்தில் விழுந்து, குழிக்கு ரொம்பத் தள்ளி நின்றது.

வாரியலை எடுத்துப் பள்ளம் முழுவதையும் இழுத்துச் சமன் செய்தாள், அவர்கள் தடத்தையும் சேர்த்து. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே செய்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பந்தை நோக்கி நடந்தாள்.